புல்லட்டுக்கு ஒரிஜினல் சைலன்சரையே திரும்ப மாட்டிவிடலாமா? சத்தம் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் சொல்லுங்கள்

#1 தாம்பரம்350

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2012 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வாங்கும்போதே மெகாஃபோன் சைலன்சர் மாட்டித்தான் இருந்தது. உள்ளே தடுப்பு எதுவும் கிடையாது. பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் நேராக வளைவு வரைக்கும் தெரியும். உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்தேன்.

போன வாரம் போக்குவரத்து போலீஸ் நிறுத்தி அபராதம் போட்டார்கள். தப்பு என் மேல்தான், கட்டிவிட்டேன். ஆனால் நான் இங்கே எழுதுவதற்குக் காரணம் வேறு.

எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு அக்கா குடியிருக்கிறார். நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. காலையில் எட்டு மணிக்கு வீட்டுக்கு வருவார். நான் வேலைக்குக் கிளம்புவது ஒன்பதே காலுக்கு. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். பத்து மணி வாக்கில் அந்த அக்காவின் பையன் மேலே வந்து, "அண்ணா, இன்னைக்கு வண்டி எடுப்பீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டான். ஏண்டா என்றேன். "நீங்க போனதுக்கு அப்புறம்தான் அம்மா படுப்பாங்க. பாதித் தூக்கத்துல எழுந்தா அவங்களுக்கு மறுபடி தூக்கம் வராது" என்றான்.

எட்டு மாதமாக அந்த அக்கா என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. படிக்கட்டில் பார்த்தால் சாப்பிட்டியாப்பா என்று கேட்பவர். ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, ஒன்றே கால் மணி நேரம் நான் போவதற்காக உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார்.

இப்போது எனக்கு இரண்டு மனது. சத்தம் வேண்டும், இந்தச் சங்கடமும் வேண்டாம். ஏதாவது நடுவழி இருக்கிறதா? இல்லை, ஒரிஜினலையே மாட்டிவிடுவதுதான் சரியா? பழைய ஓனர் ஒரிஜினலைக் கொடுக்கவில்லை, அது எங்கே போனதென்று தெரியாது.

#2 மதுரை_ஆர்எக்ஸ்

அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள் நண்பா.

என்னிடம் 1994 யமஹா ஆர்எக்ஸ் 100 இருக்கிறது. மாமா ஓட்டிய வண்டி. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டியை இன்றைக்கும் லட்சம் ரூபாய் வரைக்கும் கொடுத்துத் தேடுகிறார்கள் என்றால் எதற்காக? 98 சிசி, 11 குதிரைத்திறன். இன்றைய வண்டிகளோடு ஒப்பிட்டால் அது ஒரு கணக்கே இல்லை. அந்த டூ ஸ்ட்ரோக் சத்தத்துக்காகத்தான் தேடுகிறார்கள். நான் தெருமுனை திரும்பும்போதே அம்மா தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிடுவார். கதவைத் திறந்தால் முதல் தோசை தயாராக இருக்கும். இருபது வருடமாக இப்படித்தான். சத்தமே இல்லாத வண்டியில் வந்தால் அம்மாவுக்கு நான் வந்தது எப்படித் தெரியும்?

அப்புறம் பாதுகாப்பையும் பாருங்கள். ரிங் ரோட்டில் லாரியும் பஸ்ஸும் நம்மைப் பார்ப்பதே இல்லை. காதில் விழுந்தாலாவது ஒதுங்குவார்கள். சத்தம் நம் உயிரைக் காப்பாற்றும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நர்ஸ் அக்கா விஷயம் மட்டும் சங்கடம்தான், மறுக்கவில்லை. வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் பண்ணுங்கள். நான் அதிகாலையில் கிளம்பினால் அப்படித்தான் செய்வேன்.

#3 ஸ்பேனர்12

27 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். நானே நூற்றுக்கணக்கில் சைலன்சர் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அதனால் யாரையும் குறை சொல்லும் தகுதியில் எழுதவில்லை, தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரிஜினல் சைலன்சரை அறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே இரண்டு மூன்று அறைகள் இருக்கும். அறைக்கு அறை தடுப்புத் தகடு, துளை போட்ட குழாய்கள். புகை நேராக வெளியே போகாமல் முன்னும் பின்னும் திரும்பி அலைந்துதான் போகும். அந்த அலைச்சலில் சத்த அலைகள் ஒன்றோடு ஒன்று மோதி அடங்குகின்றன. இது ஒரு வகை.

இன்னொன்று நேர்க்குழாய். நடுவில் துளை போட்ட குழாய், அதைச் சுற்றி கிளாஸ் வுல் என்ற கண்ணாடிப் பஞ்சு. சத்தத்தை அந்தப் பஞ்சு உறிஞ்சிச் சூடாக மாற்றிவிடும். நல்ல சரக்காக இருந்தால் கொஞ்ச காலம் தாங்கும். மலிவு சரக்கில் சில மாதத்திலேயே பஞ்சு கருகித் தூளாகி, பின்பக்கமாகப் பறந்துவிடும். "அண்ணே, வாங்கின புதுசுல நல்லா இருந்துச்சு, இப்போ தகரம் மாதிரி கத்துது" என்று வருவார்கள். திறந்தால் உள்ளே ஒரு கைப்பிடி கரிச் சாம்பல் இருக்கும், அவ்வளவுதான்.

தாம்பரம் தம்பி சொல்வது இரண்டும் இல்லை. அது வெறும் குழாய்.

பவர் கூடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உங்கள் வண்டி 346 சிசி, கம்பெனி கணக்கில் 19.8 குதிரைத்திறன். குழாயை மட்டும் மாற்றி கார்புரேட்டரைத் தொடாமல் விட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், நுனி காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்க வேண்டியது சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். இன்ஜின் தேவைக்கு மேல் சூடாகிறது என்று அர்த்தம். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை மாற்றி ட்யூன் செய்தாலும் கிடைப்பது சொற்பம். சத்தம் கூடியதால் வேகம் கூடியது போலக் காதுக்குத் தோன்றும். ஸ்பீடாமீட்டரைப் பார்த்தால் முன்பு போன அதே வேகம்தான்.

திராட்டிலை மூடும்போது படபடவென்று வெடிக்கிறதா?

#4 தாம்பரம்350

ஆமாம் அண்ணா. சிக்னலுக்கு முன்னால் திராட்டிலை விட்டதும் நாலைந்து தடவை வெடிக்கும். அது நல்லது என்று சொன்னார்கள்.

#5 ஸ்பேனர்12

நல்லது இல்லை தம்பி. உங்கள் இன்ஜினில் ஒரு சின்ன வால்வ் வழியாகப் புகைபோக்கிக்குள் சுத்தமான காற்று போகும். எரியாமல் வந்த பெட்ரோல் அங்கேயே எரிந்து புகை குறையட்டும் என்று கம்பெனி வைத்தது. ஒரிஜினல் சைலன்சரில் அது வெளியே தெரியாது. திறந்த குழாயில் அதுவே வெடியாகக் கேட்கிறது.

இதிலும் மோசம், ஓடும்போதே சாவியை அணைத்துத் திரும்பப் போட்டு வேண்டுமென்றே வெடிக்க வைப்பது. அந்த இரண்டு நொடியில் எரியாத பெட்ரோல் முழுக்கச் சைலன்சருக்குள் சேர்ந்து, சாவி போட்டதும் மொத்தமாக வெடிக்கும். வெல்டிங் விட்டுப்போன சைலன்சர்கள் என்னிடம் மாதம் ஒன்றாவது வரும். பிஎஸ் 6 என்ற புதிய புகை விதிப்படி வந்த வண்டியில் இதைச் செய்தால் உள்ளே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போய்விடும். தேன்கூடு மாதிரி மெல்லிய பொருள் அது. ஆக்சிஜன் சென்சாரும் குழம்பும். அதற்கு ஆகும் செலவில் நல்ல டயர் ஒரு ஜோடி வாங்கிவிடலாம்.

ஒருமுறை என் பட்டறை வாசலில் ஒரு பையன் இப்படி வெடித்துக் காட்டினான். எதிரே ஒரு பெரியவர் சைக்கிளில் பால் கேன் கட்டிப் போய்க்கொண்டிருந்தார். பதறிப்போய் காலை ஊன்றப் பார்த்து, சைக்கிளோடு சாய்ந்தார். பால் முழுக்கத் தார் ரோட்டில். அடி பெரிதாக இல்லை. அந்தச் சைலன்சரை மாட்டிக் கொடுத்தவன் நான். பாலுக்குக் காசு கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. அன்றோடு அந்த வேலையை நிறுத்தினேன். ஐந்து வருடம் ஆகிறது.

#6 ஹைகோர்ட்_ரைடர்

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன். இதில் நிறைய பேருக்குக் குழப்பம் இருக்கிறது.

1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52. ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. கலர் மாற்றலாம், ஆனால் அதையும் ஆர்டிஓ-வில் தெரிவித்து ஆர்சியில் பதிய வேண்டும்.

அதே 2019-ல் வந்த திருத்தத்தில் தண்டனை கூடியது. அனுமதி இல்லாத மாற்றத்துக்குப் பிரிவு 182ஏ. மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதிகளை மீறி ஓட்டினால் பிரிவு 190(2). முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு. ரோட்டில் நிறுத்திப் போடும் அபராதத் தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

புது வண்டிக்கு 2005 ஏப்ரல் முதல் வந்த ஒலி வரம்பு: 80 சிசி வரை 75 டெசிபெல், 80 முதல் 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து, வண்டி முழு திராட்டிலில் கடந்து போகும்போது அளப்பார்கள். 350 புல்லட்டுக்கு 80 என்பது போதாது என்று யாரும் சொல்ல முடியாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்று 2000-ம் ஆண்டு விதியே இருக்கிறது. ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம்.

இன்னொன்று. விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போது, வண்டி மாற்றியமைக்கப்பட்டது என்று சர்வேயர் எழுதினால் அதை எதிர்த்து வாதாடுவது நம் தலையில் வந்து விழும். நான் அந்த மாதிரி ஃபைல்களைப் பார்த்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் அலைந்ததையும் பார்த்திருக்கிறேன்.

#7 மதுரை_ஆர்எக்ஸ்

சட்டம் எல்லாம் சரி. ஆனால் பஸ்ஸின் ஏர் ஹார்ன் என்ன 80 டெசிபெல்லிலா அடிக்கிறது? கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர்? கட்சி ஊர்வலம்? அதையெல்லாம் விட்டுவிட்டு ஹெல்மெட் போட்டு ஓரமாகப் போகிற எங்களை மட்டும் நிறுத்துவது என்ன நியாயம்? ஆசையாகக் காசு சேர்த்து வண்டியை அலங்கரிப்பவன் கண்ணுக்குக் குற்றவாளி போலத் தெரிகிறானா? எனக்கு இது நிஜமாகவே வலிக்கிற விஷயம்.

#8 வால்பாறை40

மதுரை அண்ணா, ஏர் ஹார்ன் தப்புதான். அதையும் பிடிக்க வேண்டும் என்று நானும் சொல்வேன். அதற்காக நாமும் சேர்ந்து கத்த வேண்டுமா?

நான் கோயம்புத்தூர். பெண்கள் குழுவோடும் பொதுக் குழுக்களோடும் பத்து வருடமாக ஓட்டுகிறேன். இப்போது 650 இரட்டைச் சிலிண்டர் வைத்திருக்கிறேன், ஒரிஜினல் சைலன்சர்தான். போன டிசம்பரில் ஒரு குழுவோடு வால்பாறை போனேன். 14 வண்டி, அதில் ஒன்பது திறந்த குழாய். நான் பத்தாவதாகப் போனேன். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. மலைச் சுவரில் சத்தம் மோதித் திரும்ப வந்து விழும். மேலே போய்ச் சேர்ந்தபோது காதுக்குள் ரீங்காரம், ராத்திரி வரை நிற்கவில்லை. முன்னால் போனவர்களைக் கேட்டால் "அவ்வளவு சத்தமா இருந்துச்சா?" என்று ஆச்சரியப்பட்டார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. குழாய் பின்பக்கம் பார்த்து இருக்கிறது. ஓட்டுபவருக்குக் கேட்பது ஒன்று, பின்னால் வருபவருக்கும் தெருவோரத்தில் நிற்பவருக்கும் கேட்பது வேறொன்று.

"சத்தம் உயிரைக் காப்பாற்றும்" என்பதற்கும் இதுதான் என் பதில். எதிரே வலதுபுறம் திரும்புகிற கார்தான் நம்மைக் கொல்கிறது. பின்னால் போகும் சத்தம் அவருக்கு எப்போது கேட்கும்? நாம் கடந்துபோன பிறகு. 1981-ல் அமெரிக்காவில் ஹர்ட் என்பவர் தலைமையில் வந்த பெரிய ஆய்வு இருக்கிறது, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் சுமார் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தது. அதில் பெரும்பாலான ஆபத்து முன்பக்கத்திலிருந்துதான் வந்தது. நம் ஊர் பஸ்ஸில் இன்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே இருந்து உறுமுகிறது. கார்காரர் கண்ணாடியை ஏற்றி ஏசியும் பாட்டும் போட்டிருக்கிறார். பகலிலும் எரியும் ஹெட்லைட், பளிச்சென்ற ஜாக்கெட், நாம் நிற்கும் இடம், இவைதான் என்னை இதுவரை காப்பாற்றியிருக்கின்றன.

எனக்கும் சத்தம் பிடிக்கும். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது என் வண்டி தரும் அந்த அடித்தொண்டைக் குரலுக்காகவே தேவையில்லாமல் கியர் இறக்கி ஏற்றுவேன். ஒரிஜினலிலேயே அது இருக்கிறது.

மாடிஃபிகேஷன் என்றால் சைலன்சர் மட்டும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சேலை கார்டைக் கழற்றாதீர்கள். அழகாக இல்லை என்று ஷோரூமிலிருந்து வந்த வாரமே கழற்றுகிறார்கள். பின்சக்கரத்தைப் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு, பின்னால் உட்கார்பவர் பிடிக்க ஒரு கைப்பிடி, கால் வைக்கப் படி, மூன்றும் விதியிலேயே இருக்கிறது. என் சித்தியின் துப்பட்டா ஸ்போக்கில் சுற்றியதை நான் பின்னால் வந்த வண்டியிலிருந்து பார்த்தேன். வண்டி இருபதில்தான் போனது, அதனால் கழுத்து தப்பியது. சிவப்புக் கோடு மாதிரி ஒரு தடம், மூன்று வாரம் இருந்தது.

#9 ஸ்டுட்கார்ட்_தமிழன்

ஜெர்மனியில் இருக்கிறேன், எனவே இங்குள்ள நிலவரம். இங்கே வண்டியின் பதிவுத் தாளிலேயே நின்றபடி எத்தனை டெசிபெல், ஓடும்போது எத்தனை டெசிபெல் என்று அச்சிட்டிருக்கும். போலீஸ் மீட்டர் வைத்து அளந்து, தாளோடு ஒப்பிடுவார். வெளிச் சந்தையில் சைலன்சர் வாங்கலாம், ஆனால் அங்கீகார முத்திரை இருக்க வேண்டும். உள்ளே டிபி கில்லர் என்ற தடுப்பு இருக்கும். அதைக் கழற்றினால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு நடந்துதான் போக வேண்டும்.

பக்கத்து ஆஸ்திரியாவில் டிரோல் மலைப்பகுதியில் 2020 கோடையிலிருந்து, தாளில் 95 டெசிபெல்லுக்கு மேல் எழுதியிருக்கும் பைக்குக்குச் சில சாலைகளில் அனுமதியே இல்லை. கம்பெனியிலிருந்து அப்படியே வந்த, ஒரு போல்ட் கூட மாற்றாத வண்டிகளும் இதில் மாட்டின. பத்துப் பேர் போட்ட கூச்சலுக்கு எல்லோருக்கும் கதவை அடைத்தார்கள் என்று இங்கே ரைடர்களுக்குப் பெரிய கோபம். எனக்குப் பிடித்த மலைப்பாதை அது. என் நண்பனால் இப்போது வர முடியாது.

நம் ஊரில் மலைச் சாலைகளுக்கு இந்த நிலை வந்துவிடக் கூடாது என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். மசினகுடி, முதுமலை பக்கம் திறந்த குழாயோடு போகிறவர்களின் வீடியோ பார்க்கும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. யானை நிற்கிற காடு அது.

#10 திருவொற்றியூர்_பழசு

நான் 71 வயதுக்காரன். 1978 புல்லட், இரும்பு இன்ஜின், இன்னும் ஓடுகிறது. தாம்பரம் தம்பி சத்தம் வேண்டும் என்கிறார். எந்தச் சத்தம் என்று கேட்கிறேன்.

இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்த வண்டி. 1954 வாக்கில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு 350-ஐ மொத்தமாக வாங்கியது. அடுத்த வருடமே சென்னையில் கம்பெனி. திருவொற்றியூர் ஆலையிலிருந்து வண்டிகள் வரிசையாக வெளியே வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அப்போதெல்லாம் புல்லட் தெருவில் வந்தால் தெரியும். ஆனால் யாரும் காதைப் பொத்த மாட்டார்கள்.

காரணம் எளிது. சிலிண்டர் 70 மில்லிமீட்டர் விட்டம், பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஓட்டம். நீண்ட ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல். ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு அடி. ஆக நிமிடத்துக்கு 450 அடி, நொடிக்கு ஏழரை. ஒவ்வொரு அடியும் காதுக்குத் தனித்தனியாக, ஆழமாக விழும். தவில்காரர் கை போல. அதைத்தான் நீங்கள் விரும்புகிறீர்கள். தடுப்பை எடுத்துவிட்டால் அடிக்கு மேல் ஒரு கிழிசல் சத்தம் ஏறிக்கொள்கிறது, அடி அதற்குள் மூழ்கிப் போகிறது.

என் வண்டியை எடுப்பதே ஒரு பொறுமையான வேலை. இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக இறக்க வேண்டும். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்போது நிறுத்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே அழுத்து. சரியாக வந்தால் முதல் கிக்கிலேயே டுக், டுக், டுக். என் பேத்தி ஒன்றரை வயதில் அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் தோளில் தூங்கினாள். நீள சைலன்சர், 1978-ல் வந்த அதே வடிவம். ஒரு தடவை துருப்பிடித்து மாற்றினேன், அதே மாதிரிதான் மாட்டினேன்.

தம்பி, ஒரிஜினலை மாட்டிவிட்டு ஐட்லிங்கையும் டைமிங்கையும் சரி செய்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள்.

#11 மூன்றாம்_சக்கரம்

மாடிஃபிகேஷன் என்ற வார்த்தையைக் கேட்டாலே எல்லோரும் குற்றம் என்று பேசுவதால் நானும் சொல்கிறேன். எனக்கு இடது காலில் போலியோ. என் ஸ்கூட்டருக்கு இரண்டு பக்கமும் சக்கரம் பொருத்தியிருக்கிறேன். ஆர்சியில் மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்தது என்று முறையாகப் பதிவாகியிருக்கிறது. அந்த மாற்றம் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை, கடைக்குப் போக வழி இல்லை. உயரம் குறைந்தவர்கள் சீட்டை இறக்கிக்கொள்கிறார்கள், தோள் வலிக்காரர்கள் ஹேண்டில்பாரை உயர்த்துகிறார்கள். வண்டி நம் உடம்புக்குப் பொருந்த வேண்டும். அதில் தப்பே இல்லை.

ஆனால் சத்தத்தைப் பற்றி ஒரு விஷயம். என் வண்டியைச் சட்டென்று ஒதுக்க முடியாது, அகலம் அதிகம். பின்னால் திடீரென்று வெடித்தால் என் உடம்பு தானாகத் துள்ளும், கை ஹேண்டிலை இழுத்துவிடும். இரண்டு தடவை பிளாட்பாரத்தில் ஏறியிருக்கிறேன். வெடித்துவிட்டுப் போனவர் திரும்பிப் பார்த்திருந்தால் நிச்சயம் நின்றிருப்பார். அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

#12 மதுரை_ஆர்எக்ஸ்

மூன்றாம் சக்கரம் சார், உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஸ்பேனர் அண்ணனிடம் ஒரு கேள்வி. என் ஆர்எக்ஸில் சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புக் குழாயைக் கழற்றி வைத்திருக்கிறேன், மூன்று வருடமாக. மேல் வேகத்தில் நன்றாக இருக்கிறது, ஆனால் கீழே இழுவை இல்லை. மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியர் தாங்குவதில்லை. பிஸ்டன் தேய்மானம் என்று நினைத்திருந்தேன். இதுவாக இருக்குமா?

#13 ஸ்பேனர்12

பெரும்பாலும் அதுதான். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் என்பது இன்ஜினின் ஒரு பாகம். புகை வெளியேறும் வழியில் வால்வ் கிடையாது, வெறும் துவாரம். வெளியே போகும் புகையோடு புதுக் கலவையும் கொஞ்சம் நழுவும். குழாய் அகன்று மறுபடி குறுகும் அந்த வடிவம் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, நழுவிய கலவையை உள்ளே தள்ளிவிடுகிறது. பின்பக்கத் தடுப்பும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. அதை எடுத்தால் கணக்கு கலையும். கம்பெனிக்காரன் பல மாதம் உட்கார்ந்து சரிசெய்த அளவு அது.

தடுப்பு வீட்டில் இருந்தால் டீசலில் ஊறவைத்து, கரியைக் கம்பியால் சுரண்டி மாட்டிப் பாருங்கள். காசு செலவில்லை.

#14 வால்பாறை40

முழு திராட்டில் ஆசை இருக்கிறவர்களுக்கு ஒன்று. சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் எங்கள் ஊர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் டிராக் டே, அதாவது பந்தயப் பாதையில் நம் வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாள், நடக்கிறது. அங்கே ஒரு நாள் ஓட்டினால் ஈசிஆரில் பத்து ஞாயிற்றுக்கிழமை ஓட்டியதை விட அதிகம் கற்றுக்கொள்ளலாம். நான் கரியில் முதல் தடவை ஓட்டியபோது பிரேக் பிடிக்கவே எனக்குத் தெரியாது என்று தெரிந்துகொண்டேன். சைலன்சருக்குக் கொடுக்கும் காசை அதற்குக் கொடுங்கள்.

#15 மதுரை_ஆர்எக்ஸ்

மாட்டிவிட்டேன். ஸ்பேனர் அண்ணா, உங்களுக்கு நன்றி. மூன்றாவது கியரில் பாலம் ஏறுகிறது. சத்தம் குறைந்திருக்கிறது, ஆனால் அந்த ஆர்எக்ஸ் குரல் அப்படியே இருக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, தோசை தயார்.

போலீஸ் எங்களை மட்டும் பிடிப்பது பற்றிய என் கோபம் போகவில்லை. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

#16 தாம்பரம்350

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன்.

புதுப்பேட்டையில் மூன்று கடை ஏறி இறங்கி, என் மாடலின் பழைய ஒரிஜினல் சைலன்சர் ஒன்று கிடைத்தது. அடியில் சின்ன நசுக்கல், உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது. புது கேஸ்கெட் போட்டு, பிளக்கும் மாற்றி, ஐட்லிங் வைத்தேன். திராட்டிலை விட்டால் வெடிப்பது நின்றுவிட்டது. முதல் இரண்டு நாள் வண்டி செத்துப்போனது போல இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். மூன்றாவது நாள் சிக்னலில் நிற்கும்போது பழசு ஐயா சொன்ன அந்த அடி கேட்டது. தனித்தனியாக. அப்பா புல்லட் வைத்திருந்தார், நான் சின்னப் பையனாகப் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து போவேன். வயிற்றில் விழுந்த அதே அடி.

நேற்று காலை ஒன்பதே காலுக்குக் கீழே இறங்கினேன். அந்த அக்கா வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது, திரை போட்டிருந்தது. பையன் வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். நான் மதுரை அண்ணா சொன்னதுபோலத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் எடுத்தேன்.

ஒரு சந்தேகம். கழற்றிய மெகாஃபோனை என்ன செய்வது? ஆயிரத்து ஐநூறுக்குக் கேட்கிறார்கள். விற்றால் இன்னொருவர் மாட்டிக்கொண்டு போவார்.

#17 ஸ்பேனர்12

எடைக்குப் போடுங்கள் தம்பி. போடுவதற்கு முன்னால் நடுவில் அறுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காயலான் கடையிலிருந்து இரண்டே நாளில் என் பட்டறைக்கே யாராவது கொண்டுவருவார்கள். கட்டர் இல்லை என்றால் எடுத்துக்கொண்டு வாருங்கள், நான் அறுத்துத் தருகிறேன்.